காரைக்காலில் ஆங்கிலம் எத்தனையாவது மொழி?

1956 மே 28ஆம் நாள் புதுதில்லியில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளையும் பிரான்சு இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை அது. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை இப்பகுதிகளின் ஆட்சிமொழி பிரெஞ்சாகவே இருக்கும் என்கிறது அதன் 28ஆவது பிரிவு. அந்த முடிவு 1965இல் வந்தது. புதுச்சேரி சட்டப்பேரவை இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என்றது. எல்லா அலுவல்களிலும் ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம் என்று ஒரு வழியும் விட்டுவைத்தது. கேரளக் கரையில் ஒரு துண்டு, கோதாவரிப் பக்கம் ஒரு துண்டு, சோழமண்டலக் கரையில் இரண்டு துண்டு என்று சிதறிக் கிடக்கும் சிறிய ஆட்சிப்பகுதிக்குப் பொதுவாக ஒரு மொழி வேண்டியிருந்தது. பிரெஞ்சு எழுந்துபோன நாற்காலியில் முறைப்படி தமிழ் உட்கார்ந்தது; கோப்புகளை ஆங்கிலம் பார்த்துக்கொண்டது.

1967இல் காரைக்காலுக்கு அரசு கலைக் கல்லூரி கிடைத்தது. இன்று அது அறிஞர் அண்ணா பெயரில் இயங்குகிறது. 1974இல் ஔவையார் அரசு மகளிர் கல்லூரி வந்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இப்பகுதிக் கல்லூரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான் பாடத்திட்டமும் பட்டமும் தந்தது. கும்பகோணத்துக்கும் சிதம்பரத்துக்கும் மூட்டை கட்டாமல் ஊரிலேயே பட்டப்படிப்பு என்பது காரைக்கால் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு, இந்த இரண்டு கல்லூரிகளால்தான் எட்டியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் ஆங்கிலம் பழைய ஆட்சியாளரின் மொழி. அதைப் படிப்பதில் உள்ள தயக்கம், ஆசை, கோபம் எல்லாவற்றையும் அந்த வரலாற்றின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். காரைக்காலில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை. ஆங்கிலம் இங்கே கல்லூரி மொழியாக வந்தது விடுதலைக்குப் பிறகு, இந்திய நிர்வாகத்தோடும் சென்னைப் பாடத்திட்டத்தோடும். ஆனாலும் காரைக்கால் மாணவர் ஆங்கில வகுப்பில் படும் பாடு கும்பகோணம் மாணவர் படும் பாட்டிலிருந்து கொஞ்சமும் மாறுபடுவதில்லை. அப்படியானால் சிக்கலின் வேர் காலனிய வரலாற்றில் மட்டும் இல்லை. வகுப்பறையில் எந்த மொழி எந்த வேலையைச் செய்கிறது, அதில் எந்த வேலைக்கு மதிப்பெண் கிடைக்கிறது என்பதில் அதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பிய மொழிகள் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. வடக்கே தரங்கம்பாடி 1845 வரை டேனியர் கையில். தெற்கே நாகப்பட்டினம் 1781 வரை டச்சுக்காரர் கையில். நடுவே காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில். இடையில் போர்க்காலங்களில் ஆங்கிலேயர் பிடிப்பதும் சமாதானத்தில் திருப்பித் தருவதுமாக இருந்து, நெப்போலியன் போர்கள் ஓய்ந்தபின் பிரெஞ்சு ஆட்சி நிலைத்தது. முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் நீளக் கடற்கரையில் மூன்று ஐரோப்பிய அரசுகள், பின்னர் சுற்றிலும் நான்காவதாக ஆங்கிலேயர். இதில் வேடிக்கை, காவிரிப் படுகையில் ஆங்கிலப் பள்ளிகளுக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேயரே இல்லை. 1750இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வந்த பிரஷ்யர், கிறிஸ்டியன் பிரடெரிக் ஷ்வார்ட்ஸ் அவர். தஞ்சாவூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன் திட்டம் போட, 1785 அளவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. 1787இல் கும்பினி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 பகோடா உதவித்தொகை அனுமதித்தது. மெக்காலேயின் புகழ்பெற்ற குறிப்புக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. கும்பினிக்காரர்களோடு உள்ளூர்க்காரர்கள் நேரடியாகப் பேசவும் எழுதவும் முடிய வேண்டும் என்பதுதான் சொல்லப்பட்ட நோக்கம். ஆக முதல் நாளிலிருந்தே இக்கரையில் அயல்மொழிக் கல்வி காரியத்துக்கானது.

காரைக்காலில் அந்தக் காரியத்தைப் பிரெஞ்சு செய்தது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சாதி, சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் இந்தோசீனாவுக்குக் கப்பல் ஏறி சைகோனில் எழுத்தர்களாக, காவலர்களாக, சுங்க அலுவலர்களாக, சிப்பாய்களாக வேலை பார்த்தார்கள். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்களை இன்றும் இப்பகுதியில் பார்க்கலாம். பிரெஞ்சு தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் வீட்டிலும் அடுப்படி மொழி தமிழ்தான். பிரெஞ்சு என்பது ஒரு சான்றிதழ், ஒரு பதவி, கடல் தாண்டிய ஒரு சம்பளம். இணைப்புக்குப் பிறகு சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களுக்கு அதே இடத்தில் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. மொழி மாறியது, மொழியிடம் ஊர் எதிர்பார்த்தது மாறவில்லை.

இனி கல்லூரிக்குள் போவோம். சென்னைப் பல்கலைக்கழக மரபில் வந்த இளநிலைப் படிப்புக்கு ஒரு பழைய சட்டகம் உண்டு: பகுதி ஒன்று மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம். மாணவர் பேச்சில் ‘பார்ட் டூ’ என்றாலே ஆங்கிலம். உரைநடை, செய்யுள், சிறுகதை, ஒரு காலத்தில் ‘டீடெய்ல்’, ‘நான்-டீடெய்ல்’ என்ற பிரிவுகள், பிற்காலத்தில் சேர்ந்த தொடர்புத்திறன் பாடம் என்று உள்ளடக்கம் மாறினாலும் சட்டகம் பெரிதாக மாறவில்லை. இந்தப் பகுதியில் ஆங்கிலம் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய மொழி. பக்கத்து வகுப்பில், பகுதி மூன்றில், வணிகவியலோ வேதியியலோ நடக்கும்போது அதே ஆங்கிலம் ஏற்கெனவே கற்றுமுடித்த மொழியாகிவிடுகிறது. காலை பத்து மணிக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட மொழி பதினொரு மணிக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளப்படுகிறது.

இரண்டு வகுப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதுதான் இதைவிட மோசம். பி.காம். மாணவி பார்ட் டூவில் ஓர் ஆங்கிலக் கவிஞரின் இயற்கை வருணனையைப் படிக்கிறார். அவருடைய கணக்கியல் நூலோ, ஒரு சொத்தின் தேய்மானத்தை எந்த நிபந்தனையில் எப்படிக் கணக்கிடுவது என்று மூன்று துணைவாக்கியங்கள் கோத்த நீண்ட வாக்கியத்தில் சொல்கிறது. அந்த வாக்கியத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று கற்றுத்தருவது யார் பொறுப்பு? ஆங்கில ஆசிரியர் அது வணிகவியல் என்பார். வணிகவியல் ஆசிரியர் அது ஆங்கிலம் என்பார்.

நடுவில் உண்மையாக வேலை பார்ப்பது தமிழ். ஆசிரியர் பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்கிறார், தமிழில் விளக்குகிறார், மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அதன்பின் முக்கியமான கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் ‘நோட்ஸ்’ சொல்லி எழுதவைக்கிறார். தேர்வுக்கு முதல்நாள் அது மனப்பாடமாகி மறுநாள் விடைத்தாளில் இறங்குகிறது. புரிதல் தமிழில் நடந்தது. மதிப்பெண் ஆங்கிலத்தில் விழுந்தது. இரண்டுக்கும் இடையே பாலம் எதுவும் கட்டப்படவில்லை. காவிரி டெல்டாவில் மட்டுமல்ல, தமிழ் மாணவர்கள் படிக்கும் பெரும்பாலான அரசு கலைக் கல்லூரிகளில் இதுதான் நடைமுறை. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செமஸ்டர் முடிவதற்குள் பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியரும், அரியர் இல்லாமல் கரையேற வேண்டிய மாணவரும் தத்தம் நிலையில் சரியானதைத்தான் செய்கிறார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம்கூட அமைக்க முடியாத மொழியில் மூன்று பக்கம் பிசகாமல் எழுதுவது அசாத்திய உழைப்பு. அந்த உழைப்பு மொழியாக மாறாமல் போகிறது என்பதுதான் வருத்தம்.

இந்த நிலையை உள்ளிருந்து ஆராய்ந்த மிகச் சிறந்த ஆய்வு காரைக்காலிலிருந்து தெற்கே கடல் தாண்டினால் வரும் யாழ்ப்பாணத்தில் நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் தம் கட்டாய ஆங்கில வகுப்பில் இருந்த 22 முதலாண்டுக் கலைப்பிரிவு மாணவர்களைக் கூர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை 1993இல் வெளிவந்தது. 1999இல் அந்த அனுபவம் ஒரு முழு நூலாக விரிந்தது. வகுப்புக்குக் கிடைத்திருந்தது அமெரிக்கப் பாடநூல். அதன் மாந்தர்கள் அமெரிக்க நகர்ப்புறத்து வெள்ளைக்காரர்கள். வெளியே குண்டுவீச்சு, ஊரடங்கு, மின்சாரம் இல்லாத இரவுகள்.

ஆண்டுத் தொடக்கத்தில் கேட்டபோது மாணவர்கள் ஆங்கிலம் அவசியம் வேண்டும் என்றே சொன்னார்கள். படிப்புக்கும் வேலைக்கும் சமூக மதிப்புக்கும் வேண்டும் என்றார்கள். சில மாதங்களில் வருகை வெகுவாகச் சரிந்தது. தேர்வு நெருங்கியதும் திரும்பி வந்தார்கள். வந்து, உரையாடல் பயிற்சி வேண்டாம், இலக்கண விதிகளைச் சொல்லித் தாருங்கள் என்றார்கள். கலந்து பேசுவதற்காக வட்டமாகப் போட்ட மேசைகளைப் பழையபடி ஆசிரியரைப் பார்த்த வரிசையாக மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். நவீனக் கற்பித்தல் முறைகளைப் படித்துவிட்டு வந்த ஆசிரியருக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்.

ஆனால் கனகராஜா அதோடு நிற்கவில்லை. மாணவர்களின் பாடநூல்களை வாங்கிப் பார்த்தார். பக்க ஓரங்கள் நிறைய எழுத்து. காதல் வரிகள், சினிமாப் பாட்டுத் துணுக்குகள், போராட்ட முழக்கங்கள், படங்களின் மேல் குறும்புக் கிறுக்கல்கள். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் புத்தகத்தின் ஓரத்தில் அந்தப் பாடத்தோடு தமிழில் சண்டை போட்டிருந்தார்கள். இலக்கணம் கேட்டதைக்கூட அவர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்: இந்தப் பாடத்தின் வாழ்க்கை எங்களுக்கு வேண்டாம், தேர்வுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். 1995இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை யாழ்ப்பாணப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றியது. ஆங்கில வகுப்பில் ஆங்கிலமே பேச வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. நடைமுறையில் கட்டளையிட, ஊக்கப்படுத்த, சொல்லுக்குப் பொருள் சொல்ல, பாடத்தை ஊர் வாழ்க்கையோடு இணைக்க என்று தமிழ் இடைவிடாமல் வந்துபோனது. அது தற்செயலான கலப்பாக இருக்கவில்லை. எந்த மொழி எப்போது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. இரண்டு மொழிகளோடு வாழ்வது எப்படி என்பதையே மாணவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துப் போர்ச்சூழல் காரைக்காலில் இல்லை. வகுப்பறையின் உள்ளமைப்பு மட்டும் அச்சு அசலாக ஒன்று. ஓரத்தில் எழுதப்படும் தமிழ், விளக்கத்தில் பேசப்படும் தமிழ், இரண்டும் இங்கும் உண்டு. இரண்டுக்கும் பாடத்திட்டத்தில் பெயர் கிடையாது.

தமிழ் மாணவருக்கு ஆங்கிலம் எங்கே இடறுகிறது என்று பார்த்தால் இந்தப் பெயரில்லாத தமிழின் அருமை விளங்கும். உச்சரிப்பைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள்; அது உண்மையில் சின்ன விஷயம். பெரிய இடறல் வாக்கியத்தின் எலும்பில் இருக்கிறது. ‘எங்கே போகிறாய் என்று கேட்டேன்’ என்னும்போது தமிழ், கேட்ட கேள்வியை அப்படியே எடுத்து வைத்து அதன் பின்னால் ‘என்று’ போட்டு முடித்துவிடுகிறது. ஆங்கிலமோ காலத்தை மாற்றுகிறது, முன்னிலையைப் படர்க்கையாக்குகிறது, கேள்வி வரிசையைக் கலைத்து அடுக்குகிறது. ‘ஐ ஆஸ்க்டு ஹிம் வேர் ஆர் யூ கோயிங்’ என்று எழுதும் மாணவர் கவனக்குறைவாக எழுதவில்லை. தமிழின் விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார். ‘நேற்று கடலுக்குப் போன விசைப்படகு’ என்று தமிழில் அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் படகு முதலில் வந்துவிடும், அதைப் பற்றிய செய்தி வால்போல் பின்னால் நீளும். பாடநூல் வாக்கியம் ஒன்றில் இப்படி இரண்டு வால்கள் இருந்தால் தமிழ்க் கண் எழுவாயைத் தொலைத்துவிடுகிறது; எந்த வினை யாருடையது என்று தெரியாமல் நிற்கிறது. அகராதியில் எல்லாச் சொல்லையும் பார்த்துவிட்டேன், ஆனாலும் வாக்கியம் புரியவில்லை என்று மாணவர்கள் சொல்வது இதனால்தான். இந்த வேறுபாட்டைத் தமிழிலேயே, தமிழ் வாக்கியத்தை எதிரில் வைத்து, ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். ஆங்கிலத்தில் விளக்கினால் ஒரு செமஸ்டர் போதாது.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்க் குழந்தை ஆறு வயதிலிருந்தே வீட்டில் யாரும் பேசாத ஒரு மொழியில் எழுதப் பழகுகிறது. ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று பேசிவிட்டு ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதுகிறது. பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்ற இந்த இரட்டை வழக்கைப் பற்றிச் சார்லஸ் பெர்குசன் 1959இல் பொதுவாக எழுதினார்; பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தமிழை வைத்தே ஒரு நூல் எழுதினார். இதன் விளைவு ஒன்றை ஆங்கிலக் கற்பித்தலில் நாம் போதுமான அளவு கவனித்ததில்லை என்று நினைக்கிறேன். எழுத்துத் தமிழ் குடியிருக்கும் அதே அறையில்தான் நம் மாணவர் மனத்தில் ஆங்கிலமும் குடியேறுகிறது. அது தாளுக்கும் மேடைக்கும் உரியது. வாயில் வைத்துப் புழங்குவதற்கு உரியதல்ல. நண்பர்களிடம் செந்தமிழில் பேசுபவரைப் பார்த்தால் சிரிப்பு வருவதுபோலவே ஆங்கிலத்தில் பேசுபவரைப் பார்த்தாலும் வருகிறது. ‘பீட்டர் விடுறான்’ என்ற பட்டம் உடனே கிடைக்கிறது. பேசத் தயங்குவதைக் கூச்சம் என்றும் தாழ்வு மனப்பான்மை என்றும் சொல்லி ஆளுமைப் பயிற்சி முகாம் நடத்துகிறோம். ஒரு மொழிச் சமூகத்தின் நெடுங்காலப் பழக்கத்தை மூன்று நாள் முகாமில் மாற்றிவிட முடியாது.

பேசுவதற்கு ஆளும் வேண்டும். 2010இல் முதலில் திருச்சி என்.ஐ.டி. வளாகத்தில் வகுப்புகளைத் தொடங்கிய புதுச்சேரி என்.ஐ.டி. இப்போது காரைக்கால் நகருக்கு வடக்கே திருவேட்டக்குடியில் நிலையான வளாகத்தில் இருக்கிறது. பாதி இடங்கள் ஆட்சிப்பகுதி மாணவர்களுக்கு, மீதி நாட்டின் பிற பகுதிகளுக்கு. விடுதி அறையில் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் தோழர் இருந்தால் ஆங்கிலம் பேசியே தீர வேண்டும். அதை யாரும் கிண்டல் செய்வதில்லை. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கலைக் கல்லூரியில் நெடுங்காட்டுக்காரரும் திருநள்ளாற்றுக்காரரும் நிரவிக்காரரும் தங்களுக்குள் எதற்காக ஆங்கிலம் பேச வேண்டும்? காரணமில்லாத பேச்சு நாடகமாகத்தான் இருக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் பெரும்பாலும் விற்பது அந்த நாடகத்தைத்தான்.

தேவையில்லாத பேச்சைக் கட்டாயப்படுத்துவதை விட்டுவிட்டு, தேவையுள்ள வாசிப்பிலிருந்து தொடங்கினால் என்ன? இது புதிய யோசனை இல்லை. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1926இலேயே வங்காள மாணவர்களை வைத்து இதைத்தான் வாதிட்டார்: இந்திய மாணவருக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டியது வாசிக்கும் ஆற்றல். அவர் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இருந்தன. 2000இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் துறைகளின் 35 லட்சம் சொற்கள் கொண்ட நூல் தொகுப்பை அலசி, எல்லாத் துறைக்கும் பொதுவான 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இந்த 570 மட்டுமே நிரப்புகின்றன. அனலைஸ், அஸ்யூம், சிக்னிஃபிகன்ட், டெரைவ் போன்றவை அதில் அடங்கும். அவற்றில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர் கொண்டவை. நிறையச் சொற்கள் பிரெஞ்சிலும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கின்றன. காரைக்காலில் பிரெஞ்சு படித்த தாத்தாவுக்குப் பேரனின் பி.எஸ்சி. பாடநூலில் பாதிக் கலைச்சொற்கள் முகம் தெரிந்தவையாக இருந்திருக்கும்.

570 என்பது ஓர் ஆண்டில் கற்பிக்கக்கூடிய அளவு. பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கின்படி செய்தித்தாள், நாவல் போன்றவற்றை யார் உதவியும் இல்லாமல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில், அதுவும் வாரத்தில் சில மணி நேரத்தில், அவ்வளவு தூரம் போக முடியாது. தன் துறை நூலைப் படிக்கும் அளவுக்குப் போக முடியும். கோத்தாரி ஆணையம் 1966இல் ஆங்கிலத்துக்கு வகுத்த பங்கும் ஏறத்தாழ இதுதான்: பயிற்றுமொழி மாநில மொழியாகட்டும், ஆங்கிலம் நூலக மொழியாக இருக்கட்டும் என்றது.

வாசிப்பும் கேட்பும் மட்டும் போதுமா என்றால் போதாது. கனடாவில் ஆங்கிலக் குழந்தைகளைப் பிரெஞ்சு வழியில் படிக்கவைத்த பள்ளிகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் இதைக் காட்டினார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணம் தடுமாறியது. சொந்த வாக்கியம் அமைக்கும் கட்டாயம் அவர்களுக்குப் போதுமான அளவு வந்ததில்லை என்பது அவர் முடிவு. நோட்ஸ் நம் மாணவர்களுக்குச் செய்யும் கெடுதலும் அதுவே: சொந்தமாகத் தப்பாக எழுதும் வாய்ப்பை அது பிடுங்கிக்கொள்கிறது.

அந்த வாய்ப்பை எப்படித் தருவது என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே பாடம் இருக்கிறது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரையும் சென்னையையும் மையமாக வைத்துச் சில பள்ளிகளில் நடத்திய திட்டம் உலக ஆங்கிலக் கற்பித்தலில் பெயர் பெற்றது. இலக்கணப் பட்டியல் இல்லை. ரயில் அட்டவணை, வரைபடம், விலைப்பட்டியல் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காண வேண்டிய வேலையைத் தந்தார்கள். கவனம் விடையில் இருந்தது; மொழி அதன் வழியே வந்தது. காரைக்காலில் இதற்குச் சரக்குப் பஞ்சமில்லை. மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக் கணக்கு, வானிலை எச்சரிக்கை, கடைமடைக்குக் காவிரி நீர் வரும் முறை, புதுச்சேரி அரசின் சென்டாக் குழு வகுக்கும் கல்லூரிச் சேர்க்கை விதிகள் எல்லாமே ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விவாதித்து மீண்டும் ஆங்கிலத்தில் எழுதக்கூடிய பொருள்கள். பிரபுவின் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்து மாணவர்கள் இலக்கணம் கேட்டதற்கு நியாயம் இருந்தது. பதினெட்டு வயதுக்காரர் விதியைத் தெரிந்துகொள்ள விரும்புவார். அதைத் தமிழில் சொல்லிவிட்டு வேலையைக் கொடுக்கலாம்.

முழுக்கத் தமிழ்வழிக்குப் போனால் சிக்கல் தீருமா? தமிழ்நாடு அந்த வழியை 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. வகுப்போடு தொடங்கியது, அதற்காகக் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் எழுதப்பட்டன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தந்தது. கலைக் கல்லூரிகளுக்காக அன்று எழுதப்பட்ட பாடநூல்களில் சில இன்றும் நல்ல நூல்கள். ஆனால் மேற்படிப்புக்கான நூலகம் ஆங்கிலத்தில் இருக்கும்வரை, தமிழ்வழி மாணவரும் ஒரு கட்டத்தில் அதே ஆங்கில வாக்கியத்தின் முன் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல செய்தி. விடைத்தாளில் தமிழ் வரலாம் என்றால், வகுப்பில் ஏற்கெனவே நடக்கும் தமிழ் விளக்கம் குற்ற உணர்ச்சியோடு செய்ய வேண்டிய ஒன்றாக இருக்காது. ஆனால் அதுவும் பாலத்தின் ஒரு கரையைத்தான் பலப்படுத்துகிறது.

காரைக்காலில் நிலைமை இப்போது மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் உயர்வகுப்புகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை 2025இல் எழுதிய மாணவர்கள் இப்போது கல்லூரிக்குள் வந்துவிட்டார்கள். சான்றிதழில் அவர்கள் ஆங்கிலவழி மாணவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் முன்பு இருந்தவர்களே, வீட்டுமொழி முன்பிருந்த தமிழே. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் குடியேறிய குழந்தைகளை வைத்துக் கண்டது, அன்றாடப் பேச்சு இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடத்தைக் கையாளும் மொழி வர ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும் என்பது. அதுவும் வெளியே தெருவெல்லாம் ஆங்கிலம் பேசும் நாட்டில். பள்ளி இறுதியில் இரண்டு ஆண்டு பாடத்திட்டம் மாறியதை வைத்துக் கல்லூரிகள் இவர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று எடுத்துக்கொண்டால், பழைய கதை இன்னும் பலமாகத் தொடரும்.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது. பி.காம். இரண்டாம் செமஸ்டர் ஆங்கில வினாத்தாளில், பாடநூலில் இல்லாத கணக்கியல் பத்தி ஒன்றைக் கொடுக்கலாம். அதன் கருத்தைத் தமிழில் பத்து வரியில் எழுதச் சொல்லி அதற்குப் பாதி மதிப்பெண்; அதே கருத்தைச் சொந்த ஆங்கிலத்தில் ஆறு வாக்கியத்தில் எழுதச் சொல்லி மீதி. பிழைகளுக்கு மதிப்பெண் கழிப்பதில் தாராளம் வேண்டும். வேறொரு மாணவரின் வாக்கியத்தை அப்படியே எழுதியிருந்தால் தாராளம் வேண்டாம். ஆங்கில ஆசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்த வினாவை அமைக்க முடியும். திருத்துவதற்கும் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். அந்தக் கூடுதல் நேரத்துக்கான படியைப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும்.